கையுறை வாங்கப் போனவர்கள்

ஜிப் பாதி முதுகுவரை ஏறி, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது.

மேலே போகாது. கீழேயும் வராது. டிரையல் ரூமுக்குள் அர்டிஸ் அம்மாள் எழுபத்தொரு வயதில் கையை முதுகுப் பக்கம் வளைத்து வளைத்துப் பார்த்ததில், அவளுடைய தோள்பட்டை சர்க்கஸில் சேர்ந்துவிடும் தகுதியைப் பெற்றிருந்தது.

உடை தக்காளிச் சிவப்பு. அமெரிக்காவின் வடகோடியில் டுலூத் நகரத்துப் பனி முழுவதையும் ஒரு மதியத்தில் உருக்கி ஏரியில் விட்டுவிடும் சிவப்பு.

"உள்ளே எல்லாம் நல்லா போகுதா மேடம்?"

கடைப் பெண் பிரியானா, கதவுக்கு வெளியே. அவ்வப்போது கேட்க வேண்டும் என்பது கடையின் விதி. அவள் விதியைவிட நல்ல பெண்; மூச்சுக்கு ஒருமுறை கேட்டாள்.

"அருமையா போகுது, கண்ணு."

அந்த ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும், குளிருக்கு இதமாக இருக்கிறது என்பார்கள்.

கடைசியில் மூச்சு முட்டவே, அர்டிஸ் கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

பிரியானா நுழைந்தாள். வந்த சிரிப்பை அப்படியே விழுங்கினாள். "இந்தக் கலர் உங்களுக்குன்னே செஞ்சது" என்று முறைப்படி சொல்லிவிட்டுத்தான் ஜிப்பைப் பிடித்தாள். இழுத்தாள். சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். கட்டடம் அசைந்தது. ஜிப் அசையவில்லை.

"வெளியே சார் சும்மாதானே உக்காந்திருக்காரு. ரெண்டு பேரா இழுத்தா வந்துடும். கூப்பிடவா?"

"அந்த மனுஷன் கண்ணுல இது படவே கூடாது." அர்டிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை இப்படியே பொட்டலம் கட்டிக் குடுத்தாலும் சரி."

வெளியே, கணவன்மார்களுக்கென்றே போட்ட நாற்காலியில் வெர்லின். மடியில் அர்டிஸின் கோட்டும் கைப்பையும், தூங்கும் குழந்தையைப்போல. பனியில் தனியாக வண்டி ஓட்டாதே என்று கூடவே வந்தவர். கையுறை வாங்கப் போகிறேன் என்றுதான் அர்டிஸ் அவரிடம் சொல்லியிருந்தாள்.

கையுறைக்கு எதற்கு டிரையல் ரூம் என்று கேட்காத அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்.

பிரியானா வந்து கோட்டைக் கேட்டாள். கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கழுத்துமுதல் கணுக்கால்வரை கோட்டாகவே ஓர் உருவம் வந்தது.

பில் போடும் இடத்தில்தான் சிக்கல். விலைச் சீட்டு அர்டிஸின் அக்குளில் தொங்கியது. திருட்டு அலாரத்துக்கான பிளாஸ்டிக் வில்லை உடையின் கீழ் ஓரத்தில். அதைக் கழற்றாமல் வாசலைத் தாண்டினால் ஊரே திரண்டு வந்துவிடும்.

அர்டிஸ் ஒரு கையைத் தூக்கினாள், போக்குவரத்துப் போலீஸ்போல. பிரியானா ஸ்கேனரும் கையுமாகக் கோட்டுக்குள் தலையை விட்டாள். உள்ளே பீப் என்றது. பிறகு வில்லையைக் கழற்றத் தரையில் மண்டியிட்டாள்.

வெர்லின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூரையை அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை, அதைக் கட்டிய கொத்தனார் உட்பட.

ஒரு கேள்வியில்லை, ஒரு முணுமுணுப்பில்லை. பிரியானாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இப்படிப் பொறுமையான புருஷனை நான் பார்த்ததே இல்ல. கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்?"

"சனிக்கிழமை பதினோரு மணிக்குத்தாம்மா கல்யாணமே" என்றார் வெர்லின், கூரையிடம்.

பிரியானா அர்டிஸைப் பார்த்தாள். கோட்டின் கழுத்தோரம் சிவப்பு ஒரு நூலளவு எட்டிப் பார்த்தது. மணநாளுக்கு முன்னால் கல்யாண உடை மாப்பிள்ளை கண்ணில் படலாமா? அந்த ஊரில் அது அபசகுனம். சட்டென்று கை நீட்டி மேல் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

வெர்லின் கதவைத் திறந்து பிடித்தார். பார்வை வெளியே, பனியில்.

"கையுறை சரியா இருந்துச்சா?"

"கொஞ்சம் இறுக்கம்" என்றாள் அர்டிஸ்.