குடலேற்றம்

ஓடைப்பட்டி வீட்டில் செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போன மாதமும் இப்படித்தான்.

"மறுபடியும் குடலேத்தமா? பேசாம தேனி ஆஸ்பத்திரிக்குப் போத்தா," என்றார் மாமனார் சங்கிலி.

"ஊசி மாத்திரைக்கெல்லாம் கேக்காது மாமா. ஆண்டிபட்டியில ஒரு அம்மா இருக்காக. அவுக வெளக்கெண்ணெய் தேச்சு நீவி விட்டாத்தான் குடல் எடத்துக்கு வரும்."

"அந்தம்மாவுக்கு அப்படி என்ன கைராசியோ!"

"தொட்டதுமே வலி போயிரும் மாமா." அதை மட்டும் அவள் பொய்யில்லாமல் சொன்னாள்.

தலைசீவி, கனகாம்பரம் வைத்து, பஸ்ஸுக்குக் கிளம்பியவளை ஒரு கூடைத் திராட்சையோடு வாசலில் மறித்தார் சங்கிலி.

"நீவி விடுறவுகளுக்குக் குடு."

"அவுக கூலியெல்லாம் வாங்க மாட்டாக மாமா."

"பெத்த மக வயித்தை நீவ எந்த ஆத்தா கூலி வாங்குவா?"

வயிற்றைப் பிடித்திருந்த கையைச் செண்பகம் மெல்ல எடுத்தாள்.

"சம்பந்தி வாசலை நம்ம வீட்டு ஆளுக மிதிக்கக் கூடாதுன்னு, கோவத்துல ஊரு முன்னால சொல்லித் தொலைச்சுட்டேன். வைத்தியத்துக்குன்னா எவன் கேப்பான்?" மீசைக்குள் சிரித்தார் சங்கிலி. "தீவாளிக்குக் கொஞ்சம் பலமாவே வலிக்கட்டும். துணைக்கு உம் புருசனையும் அனுப்பி வைக்கிறேன்."