மூன்று மாடி வீடு

"முடியை வெட்டிட்டீங்களான்னு கேக்குறார்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விசா அதிகாரி தன் மொழியில் கேட்பதையெல்லாம், பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் பெண் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசா கேட்டு வந்தவளின் பாஸ்போர்ட் படத்தில் தோள் வழியாக முன்னால் விழுந்த தடித்த பின்னல். இப்போது கழுத்து தெரிய, ஒட்ட வெட்டிய தலை.

"வேலைக்கு வசதியா இருக்கும்னு வெட்டிட்டேன் மேடம்."

அதிகாரி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டாள்.

"தையல் கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கீங்க. அதை விட்டுட்டு வீட்டு வேலைக்கு ஏன் போறீங்க?"

இதையேதான் எல்லோரும் கேட்டார்கள். கம்பெனி மேனேஜர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கூட வேலை பார்க்கிறவர்கள், மிஷினை ஓட்டியபடியே, "அக்கா அங்க போய் யாரை அதட்டுவாங்க, துடைப்பத்தையா?" என்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

"சம்பளம் அதிகம் மேடம். குடும்பக் கஷ்டம்."

ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்த பதில். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

அந்த ஏஜெண்டே குழம்பித்தான் போயிருந்தார். சின்ன வீடு, புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், நோகாத வேலை என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். அவள் வேண்டாம் என்றாள். மூன்று மாடி வீடுதான் வேண்டும் என்றாள். படுத்த படுக்கையாக ஒரு மாமியார், வாய் ஓயாத ஒரு மருமகள், வெளியே போனால் கதவைப் பூட்டிக்கொண்டு போகிற வழக்கம். போன பெண்கள் எல்லாம் அழுதுகொண்டு திரும்பி வந்த வீடு.

"அந்த வீட்டை வேண்டி விரும்பிக் கேட்ட முதல் ஆள் நீதாம்மா" என்றார் ஏஜெண்ட். ஆள் கிடைக்காமல் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த வீடு. மறுபேச்சு பேசாமல் அனுப்பி வைத்தார்.

அதிகாரி கம்ப்யூட்டரில் எதையோ படித்தார். அவர் சொல்லி முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் குரலைக் கொஞ்சம் தணித்தாள்.

"இதே வீட்டுல முன்னாடி வேலை பார்த்த ஒருத்தங்க சொல்லாம கொள்ளாம ஓடிப் போயிட்டாங்களாம். அவங்க எங்க இருக்காங்கன்னு இன்னும் தெரியலையாம். நீங்களும் அப்படிப் பண்ணிட மாட்டீங்களே?"

மேஜைக்கு அடியில் அவள் கைகள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"மாட்டேன் மேடம்."

"வீட்டுல குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"விட்டுட்டு இருந்துடுவீங்களா?"

"வீட்டுக்காரர் பார்த்துப்பார்."

விரல்களை ஒவ்வொன்றாக வைத்து அழுத்தச் சொன்னார்கள். அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். விசா கொடுத்தாயிற்று என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது, "ரொம்ப நன்றிங்க" என்றாள். கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வெளியே மதில் ஓர நிழலில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான். தோளில் சாய்ந்து சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அதே வீடா?"

"அதே வீடுதான்."

"உன் முகத்தைப் பார்த்து அவங்களுக்கு ஞாபகம் வந்துட்டா?"

"அதுக்குத்தானே முடியை வெட்டினேன்."

அவன் வேண்டாம், வேண்டாம் என்று ஒரு வருஷமாகச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தான்.

பேச்சுச் சத்தத்தில் சிறுமி கண்ணைத் திறந்தாள். அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"சித்தி, அம்மா இருக்குற ஊருக்குப் போறதுக்கு விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்கடா."

சிறுமி இறங்கி நடந்தாள். சாலை ஓரம் வந்ததும் நின்றுவிட்டாள். பஸ்ஸும் லாரியும் விரைந்துகொண்டிருந்தன. அவள் இரண்டு கையாலும் சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. அக்காவும் இப்படித்தான். அக்காவும் தங்கையும் முகத்திலும் பின்னலிலும் ஒரே அச்சு; இந்தப் பயம் மட்டும் அக்காவுக்கு. கல்யாணமாகி ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகும் ரோட்டைத் தனியாகக் கடந்தவள் இல்லை. எதிர்க்கடைக்குப் போவதென்றாலும், "கொஞ்சம் வாடி" என்று தங்கையின் கையைத் தேடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் மொழி தெரியாத ஊரில், பாஸ்போர்ட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல், பூட்டிய வீட்டிலிருந்து தன்னந்தனியாக ஓடிப் போய்விட்டாளாம்.