ஏழு மணிக்கு ஓடிப்போகிறவன்

‘கர்ணன் களத்தை விட்டு வெளியேறிவிட்டான்’ என்று கணினித் திரை அறிவித்தபோது, ஆரிப்பின் அணி எதிரிக் கோட்டையின் கடைசிக் கதவை இடித்துக்கொண்டிருந்தது. இன்னும் மூன்றே நிமிடங்கள் போதும். ஐவரில் ஒருவன் மறைந்ததும் மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வெட்டுப்பட்டுச் சாய்ந்தார்கள்.

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் மணி சரியாக ஏழு. மூன்று முறையும் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தரவரிசை ஏணியில் பதினான்காம் படியில் நின்ற அணி பத்தொன்பதுக்குச் சரிந்தது. முதல் பதினாறு அணிகளுக்கு மட்டுமே சென்னையில் இறுதிச் சுற்று. இன்று இரவு பத்து மணிக்கு ஏணி மூடப்படும்.

ஆரிப் மேசையை ஓங்கிக் குத்தினான். சத்தம் கேட்டு அவன் அம்மா சுபைதா எட்டிப்பார்த்தாள்.

“என்னப்பா, கரண்ட் போனாத்தான் குத்துவ, இப்ப என்ன? பேப்பர்ல நம்ம தெருவுக்கு ஏழு மணிக்குக் கரண்ட் கட்டுன்னுதான் போட்டான். அல்லா பரக்கத்து, நிக்கலையே!”

அவன் காதில் அது விழவில்லை. எரிகிற விளக்கிடம் யார் காரணம் கேட்கிறார்கள்?

அவன் ஆத்திரமெல்லாம் ஏணியின் சட்டத்தின் மேல்தான். ஒருவன் விலகினால் ஐவருக்கும் புள்ளி போகும். அவன் பயந்து ஓடினானா, பாம்பைக் கண்டு எழுந்தானா என்றெல்லாம் சட்டம் விசாரிப்பதில்லை. முந்தைய இரண்டு தோல்விகளுக்கும் ஆரிப் பக்கம் பக்கமாக எழுதிய முறையீடுகளுக்கு ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘விலகல் விலகலே.’

ஒரேயொரு விலக்கு இருந்தது. விலகியவன் பொய் சொல்லித் தன் அணியைக் கவிழ்த்தான் என்று சான்றோடு நிறுவினால், அவன் நிரந்தரமாக நீக்கப்படுவான். மற்ற நால்வருக்கும் இழந்த புள்ளிகள் திரும்பிவரும்.

ஆரிப் பொட்டிப்புரத்திலிருந்த கர்ணனைக் கைப்பேசியில் பிடித்தான். கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு.

“ஏலே, நீ எந்த டீமுக்குடா வேலை பாக்குற?”

“கரண்ட் போச்சு மாப்ள. சத்தியமா.”

“புளுகாத. உங்க லைனுக்கு மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு. அதோட முடிஞ்சுச்சு. பேப்பர்லயே போட்டிருக்கு.”

“பேப்பர்ல நல்லாத்தாண்டா எரியுது, பல்புலதான் எரியல! எங்க ஆத்தா மெழுகுவத்தி தேடுது. கூப்பிடவா, பேசுறியா?”

“ஆட்டம் இருக்கிற அன்னைக்கு மட்டும், மணி அடிச்ச மாதிரி ஏழுக்கு, உனக்குன்னு பாத்துப் போகுதாக்கும்?”

“என்னைய ஏன் கேக்குற? உங்க அத்தாவைக் கேளு. அவுகதான சப்-ஸ்டேஷன்ல இருக்காக.”

“கேக்கத்தாண்டா போறேன். கரண்ட் நிறுத்துன நேரம் எழுதுற லாக்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்புறேன். இனி ஜென்மத்துக்கும் நீ ஆட முடியாது.”

“அனுப்புடா. நானும் சென்னைக்குன்னு பையெல்லாம் எடுத்து வச்சேன்” என்றான் கர்ணன். இணைப்பு அறுந்தது.

ஆரிப் சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் ஒருமுறை கழன்றது. கரியேறிய கையோடு அவன் துணை மின் நிலையத்துக்குள் நுழைந்தபோது, அவன் தந்தை ரசூல் தனியாளாகக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். ஆட்டத்தின் தலையும் வாலும் அறியாதவர். ஆனாலும் மகன் சென்னைக்குப் போகப்போகிறான் என்று வயர்மேன்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“ஜெயிச்சாச்சா?” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

“தோத்தாச்சுத்தா. பொட்டிப்புரம் லைன்ல ஏழு மணிக்கு கரண்ட் இருந்துச்சுல்ல? அந்த நோட்டைக் காட்டுங்க, போட்டோ எடுக்கணும்.”

ரசூலின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. மேசையில் விரிந்திருந்த நோட்டின் மேல் அவர் கை தானாகப் போய் அமர்ந்தது.

“அது எதுக்குப்பா உனக்கு?”

“கர்ணன் பாதியில ஓடிட்டான். கேட்டா கரண்ட் போச்சுங்குறான். பொய்யின்னு காட்டிட்டா எங்க புள்ளி திரும்ப வந்துரும்த்தா.”

“கர்ணனா? அந்தப் பொட்டிப்புரத்துப் பையனா? அவன் ஏன் அங்கன இருந்து ஆடுறான்?”

“அவன் வீடு அங்கனதான! நான் இங்கன, ஒருத்தன் போடியில, ரெண்டு பேரு மதுரையில. எல்லாரும் அவுகவுக வீட்டுல இருந்துதான் ஆடுவோம்.”

“டீமுன்னா… ஒரே எடத்துல உக்காந்து ஆட மாட்டீகளா?”

“இல்லத்தா. அஞ்சுல ஒரு வீட்டுல நின்னாலும் அஞ்சு பேருக்கும் போச்சு. மணி ஆகுது, நோட்டைக் குடுங்க.”

ரசூல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். நோட்டின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. சுவரில் வரிசையாக எரிந்த சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்தபடியே பேசினார்.

“ஏழு மணிக்கு நிறுத்த வேண்டிய முறை நம்ம தெரு லைனுக்குத்தாம்பா.”

“பெறகு?”

“உன் ஆட்டம் நிக்கக் கூடாதுன்னு, நாந்தான் பொட்டிப்புரம் லைனை நிறுத்துனேன்.”