பசை தோய்ந்த பிரஷ்

பள்ளிக்கூடத்து ஓவிய அறை அலமாரியிலிருந்து பிரஷ்ஷை யாரோ எடுத்துக்கொண்டு போனதும், கலர் புட்டிகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஒருவழியா நம்ம நெனப்பு வந்துருச்சு பாத்தியா," என்றது நீலம்.

கொஞ்ச நேரத்தில் பிரஷ் திரும்பி வந்தது. அதன் மயிரெல்லாம் விறைத்து ஒட்டிக்கிடந்தது.

"என்னடா வரைஞ்ச?" என்று கேட்டது கறுப்பு.

"எங்க வரைஞ்சேன்? என்னைப் பசையில முக்குனாங்கண்ணே. நம்ம ரூம் கதவுல ஒரு தாளை ஒட்டுனாங்க. 'பத்தாம் வகுப்பு கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்'னு அதுல போட்டிருந்துச்சு."

கறுப்பு மெல்லக் கேட்டது.

"கதவுல நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின 'ஓவிய அறை' இருக்குமேடா?"

"அது மேலதாண்ணே ஒட்டவெச்சாங்க."