காலி சோபா

எங்கள் ஊர் குறும்பதிவுத் தளங்களில், ஒரு பதிவுக்கு முதல் பதில் எழுதுகிறவரை 'சோபா பிடித்தவர்' என்போம். நான் வேலை பார்த்த தளம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரே நொடியில் சோபா பறிபோய்விடும். என் பதிவுகளில் மட்டும் என் கணவர் ரென்ஹாவ்தான் முந்துவார். அடுப்படியிலிருந்தே, "சோபா எனக்கு!" என்று கத்திக்கொண்டு எழுதுவார்.

அவர் இறந்த வருடமே ஆட்கள் வேறு செயலிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு சோபாக்கள் வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தன.

தளத்தை மூடுகிற வேலை, செங்டு நகர அலுவலகத்தில் மிச்சமிருந்த எனக்கும் ஷியாங்குக்கும் வந்தது. பதில் எழுதும் வசதியை ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருந்தோம். கடைசி நாள் நண்பகலில், சர்வர்களை அணைப்பதற்கு முன், என் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: 'நானும் கிளம்புகிறேன்.'

"ஈ ஓட்டுற இடத்துல யாருக்குக்கா எழுதுறீங்க? வாங்க, நூடுல்ஸ் ஆறுது," என்று ஷியாங் சிரித்தான்.

சர்வர்களை அணைத்தோம். பச்சை விளக்குகள் வரிசையாக அணைந்தன. கைப்பையை எடுக்கத் திரும்பினேன். கணினித் திரையில் என் பக்கம் அப்படியே இருந்தது. என் வரிக்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது.

"யாரு அக்கா இது?" என்றான் ஷியாங். இப்போது அவன் சிரிக்கவில்லை.

ரென்ஹாவின் பெயர். தூண்டிலோடு அவர் நிற்கிற அதே பழைய படம்.

'சோபா எனக்கு! பக்கத்துல உனக்கும் இடம் விட்டிருக்கேன். அவசரமே இல்ல. நூடுல்ஸ் ஆறுதாம், முதல்ல போய்ச் சாப்பிடு.'