அரை நிமிடத் தெரு

கார்த்திகை விளக்குகளைப் படமெடுக்க, எதிர்வீட்டு மாடியில் ஜெகதீசன் கேமராவின் ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்திருந்தபோதுதான் எழிலன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனான். பிறகு திரும்பவேயில்லை.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள் அவன் அம்மா ராஜாத்தி. தெரு நெடுக விளக்குகள். வாசல் தூணைப் பிடித்தபடி அவள். வேறு யாருமில்லை.

“எம்புள்ள எங்க தம்பி? இந்த வழியாத்தானே போனான்?”

“நடந்துக்கிட்டே இருக்கறவங்க இதுல விழமாட்டாங்கக்கா. கொஞ்சம் நின்னிருந்தா நிழலாவது தெரிஞ்சிருக்கும்.”

அவள் வாசலிலிருந்து தெருமுனைவரை விளக்கு விளக்காக விரலை நகர்த்தினாள். எங்கும் நிழலில்லை. விரல் மெல்லத் தூணுக்கே திரும்பி வந்தது.

“நான் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கேன்?”

ஜெகதீசன் யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

“நீங்க ஒரு அடிகூட நகரலையேக்கா.”