டிக்கட் வெட்டும் நாள்

“எடுத்துக்கிட்டுப் போம்மா. எனக்கு வேணாம்.” செல்லச்சாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மருமகள் பிரேமிளா திறந்த கேரியரைக் கையில் ஏந்தியபடி நின்றாள். முருங்கைக்காய்க் குழம்பு, பலாக்கொட்டைப் பிரட்டல், பொரித்த பப்படம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நெரிபட்டு, மடியில் அணைத்துக் கொண்டுவந்த சாப்பாடு.

“ஒரே ஒரு வாய் மாமா.”

“இத்தனை பேருக்கு முன்னால கட்டில்ல உட்கார்ந்து கை நனைக்கவா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமில்ல.”

நகரசபையில் முப்பத்தெட்டு வருஷம் கழுத்துப் பட்டனைக் கழற்றாமல் வேலை பார்த்தவர். சொன்னால் சொன்னதுதான்.

வீட்டிலும் இதே கதைதான். எல்லாரும் ஏழு மணிக்கே வேலை, பள்ளிக்கூடம் என்று கிளம்பிவிட, மேசையில் மூடிவைத்த சோறு மாலைவரை மூடியபடியே கிடக்கும். ஒருநாள் தலை சுற்றி விழுந்தார். பிரஷரும் சேர்ந்துகொண்டது. வார்டில் சேர்த்து இன்றோடு ஒன்பது நாள்.

ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டியிலிருந்து நாத்தனார் ஞானேஸ்வரி வருகிறாள். ‘எங்க அப்பாவைப் பட்டினி போட்டுட்டாங்க’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கடைத்தெரு முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். அதற்குள் மாமனாரைத் தேற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

“கோவிச்சுக்காத பிள்ள, அவரு அந்தக் காலத்து ஆளு” என்றார் பக்கத்துக் கட்டில் ராஜலிங்கம். தெல்தெனியவில் படி வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடப்பவர். பார்க்க வர யாருமில்லை. வாய் மட்டும் ஓயாது.

பிரேமிளா வழக்கம்போல் கேரியரை அவர் பக்கம் நகர்த்தினாள். “நான் போனப்புறம் நீங்களாவது சாப்பிடுங்கய்யா. கேரியரை நாளைக்கு எடுத்துக்கிறேன்.”

“வீணாக்க விடுவேனா? நாளைக்கு மட்டும் உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடு பிள்ள, பிரஷருக்கு ஆகாது. பப்படம் ரெண்டு கூட இருந்தா நல்லது.”

சுவர்ப்பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது.

மாமனார் சாப்பிடாத விஷயத்தை யாரிடமும் சொல்ல இதுவரை அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. இனியும் மறைத்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். கட்டிலருகே வந்த தாதி பர்ஹானாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“மிஸ், மாமா இங்க வந்த நாள்லேர்ந்து ஒரு வாய்ச் சோறு சாப்பிடல. தண்ணிய மட்டும் குடிச்சுக்கிட்டு எத்தன நாளைக்குத் தாங்குவாரு?”

பர்ஹானா கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

“யாரு, இவரா? ரெண்டு கிலோ ஏறியிருக்காரே! டொக்டர் இன்னைக்கே டிக்கட் வெட்டச் சொல்லிட்டாரு. பின்னேரம் நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.”

பிரேமிளா மாமனாரைப் பார்த்தாள். ராஜலிங்கம் அவசர அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

செல்லச்சாமி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கழுத்துப் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டார். குரலில் நகரசபை அதிகாரம் கொஞ்சமும் குறையவில்லை.

“அப்ப ராஜலிங்கத்துக்கும் சேர்த்து வெட்டுங்க மிஸ், தனியா உட்கார்ந்தா எனக்குச் சோறு இறங்காது!”